நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்காத ஊர்: தென்னாப்பிரிக்காவில் வீடு தேடும் தமிழர்களின் கேள்விகள்

சென்னை, கோவை, யாழ்ப்பாணம் பக்கமிருந்து வேலைக்கோ படிப்புக்கோ தென்னாப்பிரிக்கா வரத் திட்டமிடுகிறவர்கள் ஒரு பக்கம். டர்பனின் சட்ஸ்வொர்த், ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியா போன்ற இந்தியர் குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்து, பெற்றோர் வீட்டைவிட்டுத் தனியாகப் போய் வாழ நினைக்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: பாட்டு, ஓவியம், எழுத்து என்று திரிகிறவர்களும் ஊரோடு ஒத்துப்போகாதவர்களும் நிம்மதியாகக் குடியிருக்கும் ‘போஹீமியன்’ ஊர் எது? நான் டர்பனில் கிளென்வுட் பகுதியில் குடியிருப்பவன். பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

போஹீமியன் ஊர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வீட்டுக்காரர் உங்கள் சாதியையும் கல்யாணத்தையும் விசாரிக்காத ஊர். இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினால் எதிர்வீட்டுத் திரைச்சீலை அசையாத ஊர். புத்தகக் கடை, சிறு அரங்கு, மலிவான காபிக் கடை மூன்றும் நடக்கிற தூரத்தில் இருக்கும் ஊர். இவ்வளவுதான் என் இலக்கணம்.

ஆனால் இந்த நாட்டில் முழு நகரமும் அப்படி இருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். நிறவெறி ஆட்சி 1950-இல் கொண்டுவந்த குழுப் பகுதிச் சட்டம் வெள்ளையர், கறுப்பர், இந்தியர், கலப்பினத்தவர் என்று ஆளுக்கொரு பகுதியாக நகரங்களைக் கூறுபோட்டது. சட்டம் போய்விட்டது, கோடுகள் முழுதாக அழியவில்லை. எனவே இங்கே தேட வேண்டியது நகரத்தை அல்ல, தெருவை. அந்தத் தெருவும் பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகத்தை ஒட்டியே இருக்கும். மாணவர்கள் இருந்தால் வாடகை அடங்கியிருக்கும். வாடகை அடங்கியிருந்தால் கலைஞர்கள் வருவார்கள்.

தென்னாப்பிரிக்கா உண்மையிலேயே முற்போக்கான நாடா?

ஏட்டில், உலகிலேயே முன்வரிசை. பாலியல் நாட்டத்தின் பெயரால் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த முதல் நாடு இது. மரண தண்டனையை அரசியல் சட்ட நீதிமன்றம் 1995-இல் செல்லாது என்றது. கருக்கலைப்பு உரிமைச் சட்டம் 1996-இல் வந்தது. ஒரே பாலினத்தவர் திருமணம் 2006 முதல் சட்டப்படி செல்லும். ஆப்பிரிக்காவில் அதுதான் முதல். பெரியவர்கள் தங்கள் வீட்டுக்குள் கஞ்சா பயன்படுத்துவது குற்றமல்ல என்று அதே நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. நமக்கு இன்னொரு சேதி: மதித்து ஊக்குவிக்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் அரசியல் சட்டம் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

சட்டம் சரி. தெருவில் எப்படி?

தெருவுக்குத் தெரு மாறும். கேப் டவுனின் டி வாட்டர்காண்டில் இரண்டு ஆண்கள் கைகோத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே நகரத்தின் புறநகரக் குடியிருப்புகளில் கறுப்பினப் பெண்கள் தன்பாலின நாட்டத்துக்காகவே தாக்கப்பட்டிருக்கிறார்கள், கொல்லப்பட்டும் இருக்கிறார்கள். ஒரே அரசியல் சட்டம், இரண்டு வாழ்க்கை. வெளிநாட்டிலிருந்து சம்பளத்தோடு வருகிறவர் பெரும்பாலும் முதல் வாழ்க்கையைத்தான் பார்ப்பார். பார்த்ததை வைத்து நாட்டையே எடைபோட்டுவிட வேண்டாம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: எந்த ஊர்?

தமிழ் முகங்களும் கடலும் வேண்டுமென்றால் டர்பன். வேலையும் வேகமும் வேண்டுமென்றால் ஜோஹன்னஸ்பர்க். பணம் இருந்தால் கேப் டவுன்.

டர்பனில் எங்கே குடியிருக்கலாம்?

கிளென்வுட், அதை ஒட்டிய அம்பிலோ. மேட்டில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகம். சரிவில் பழைய ஓட்டு வீடுகள், மாமரங்கள், ஊர்க்கதை பேச நேரமுள்ள மனிதர்கள். புல்வர் சாலையில் கே.இசட்.என்.எஸ்.ஏ. கலைக்கூடம் இருக்கிறது, அதன் முற்றத்துக் காபிக் கடையில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதையே ஓட்டலாம். பக்கத்து டேவன்போர்ட் சாலைக்கு இன்று நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஹெலன் ஜோசப் பெயர், மூர் சாலைக்குச் சே குவேரா பெயர். தெருப்பெயரை வைத்து ஊரின் முற்போக்கை அளப்பதாக இருந்தால் எங்களை யாரும் வெல்ல முடியாது.

இங்கே வாடகைக்குக் கிடைப்பவற்றில் அதிகம் தேடப்படுவது கொல்லைப்புற அறை. பெரிய வீட்டின் பின்னால், சமையலறைக் கதவுக்கு எதிரே, தாழ்ந்த கூரையும் சின்ன ஜன்னலும் தனிக் கழிப்பறையுமாக ஓர் அறை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரிக்குக் கட்டியது. கணவனோ பிள்ளையோ உடன் தங்கக்கூடாது என்ற விதியோடு தலைமுறைக் கணக்கில் பெண்கள் படுத்து எழுந்த இடம். இப்போது சுவரில் வெள்ளையடித்து, ஜன்னலைப் பெரிதாக்கி, மாணவனுக்கும் சிற்பிக்கும் கிதார்க்காரனுக்கும் விடுகிறார்கள். மலிவான அறைதான், யாருடைய அறையாக இருந்தது என்று தெரிந்து குடிபோங்கள்.

கலை விஷயத்தில் டர்பன் ஏழை ஊர் அல்ல. சர்வதேசத் திரைப்பட விழா 1979 முதல் நடக்கிறது. ‘போயட்ரி ஆப்பிரிக்கா’ கவிதை விழா 1997-இல் தொடங்கியது. யுனெஸ்கோவின் இலக்கிய நகரம் என்ற பட்டம் 2017-இல் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் அதை முதலில் பெற்ற ஊர் இதுதான். கோம் என்ற அதிரடி நடன இசை பிறந்ததும் இந்நகரின் புறநகரக் குடியிருப்புகளில்தான். இசைக்கு முன்கதையும் உண்டு: 1950-களில் விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்சில் ஜாஸ் கலைஞர்கள் வாசித்தார்கள், கறுப்பரும் இந்தியரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள். நம் ஆட்களுக்கு இந்த வாழ்க்கை இறக்குமதிச் சரக்கு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

குறைகளும் கேளுங்கள். கோடையில் புழுக்கம் தாங்காது. புத்தகங்களில் பூஞ்சை பூக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்குகள் வந்து வாழைப்பழத் தட்டைக் காலி செய்துவிட்டுப் போகும். நகர மையம் பராமரிப்பின்றி வாடிக் கிடக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த வட்டாரத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவில் வீடு பார்க்கும்போது பின்பக்க மண்சுவரையும் மழைநீர் போகும் வழியையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நான் சட்ஸ்வொர்த்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் தனியாக வீடு எடுத்தால் அம்மா பேச மாட்டார். என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. சட்ஸ்வொர்த்திலிருந்து கிளென்வுட் காரில் அரைமணி நேரம்கூட ஆகாது. மனத்தளவில் கடல் கடந்த தூரம். நம் குடும்பங்களில் மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலைக்காகத் தனியாக இருந்தால் பெருமை, அதே ஊரில் தனியாக இருந்தால் அவமானம். இந்தக் கணக்கை யார் போட்டார்களோ தெரியாது, எல்லா வீட்டிலும் இதே விடைதான்.

நான் பார்த்தவரை எடுபடும் வழி, காரணத்தைப் படிப்பு அல்லது வேலையில் மாட்டுவது. இரவு வகுப்பு, மருத்துவமனைப் பணிமுறை, நெரிசல் ஏதாவது ஒன்று இருக்கும். பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். ஆடி மாதம் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முன்னால் நின்று அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திகளும் அத்தைகளும் கேட்கும் கேள்விகளுக்கு அம்மாவே பதில் சொல்ல ஆரம்பிப்பார். கொஞ்சம் தந்திரம்தான், உறவை முறித்துக்கொண்டு கிடைக்கும் சுதந்திரத்தைவிட இது மலிவு.

ஜோஹன்னஸ்பர்க் பற்றிப் பயமாகக் கேள்விப்படுகிறோமே?

பயத்துக்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் ஒரு நாடகம் எழுதி மேடையேற்ற வேண்டும், இசைக்குழு சேர்க்க வேண்டும், பத்திரிகையில் வேலை பார்க்க வேண்டும் என்றால் போக வேண்டிய ஊர் இதுதான். மார்க்கெட் தியேட்டர் 1976-இல், நிறவெறியின் உச்சத்திலேயே, எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்து வைத்தது. 1990 அக்டோபரில் தன்பாலின நாட்டமுள்ளவர்களின் பிரைடு ஊர்வலம் ஆப்பிரிக்காவில் முதன்முதலாக நடந்ததும் இங்கேதான்.

இந்த ஊரில் கலைஞர்களின் இருப்பிடம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1950-களில் சோஃபியாடவுன். அரசு 1955 முதல் அங்கிருந்த மக்களை அப்புறப்படுத்தி, வீடுகளை இடித்து, வெள்ளையர் குடியிருப்பாக்கி, ‘வெற்றி’ என்று பொருள்படும் ட்ரயம்ஃப் என்ற பெயரையும் வைத்தது. 2006-இல் பழைய பெயர் திரும்பியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யோவில், அதன் ராக்கி தெரு. அடுத்து 2009-இல் மாபோனெங் பளபளவென்று எழுந்தது. அதைக் கட்டிய நிறுவனம் பத்தாண்டுகளில் கடனில் மூழ்கியது, கூட்டமும் கலைந்தது. ஒரே முதலாளி கட்டித் தரும் ‘கலைப் பகுதி’களை நான் நம்புவதில்லை. கலைஞர்கள் தாங்களாகப் போய் ஒட்டிக்கொண்ட இடங்களே நிலைக்கின்றன.

இன்றைக்கு மெல்வில், பிரிக்ஸ்டன், வெஸ்ட்டீன் மூன்றையும் பாருங்கள். ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகமும் தேசிய ஒலிபரப்பு நிறுவனமும் பக்கத்திலேயே இருப்பதால் ஆசிரியர்கள், செய்தியாளர்கள், நடிகர்கள் குடியிருக்கிறார்கள். மெல்விலின் ஏழாம் தெருவில் மாலை நேரம் களைகட்டும். பிரிக்ஸ்டனிலிருந்து ஃபோர்ட்ஸ்பர்க் அருகில். கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் தேடி அலைய வேண்டாம். கிழக்கே லாரன்ட்ஸ்வில்லில் விக்டோரியா யார்ட்ஸ் என்ற பழைய தொழிற்கூட வளாகத்தில் ஓவியர்களும் மரவேலைக்காரர்களும் பட்டறை வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வாருங்கள், சுற்றுப்புறம் இன்னும் கரடுமுரடானது.

மாணவர்கள் நிறைந்த பிராம்ஃபோன்டெய்னுக்குப் போனால் அங்குள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போங்கள். தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறாள். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்த பெண். அதே தோட்டத்தில், அதே போராட்டத்தில் சிறை சென்று 1909-இல் உயிர்விட்ட நாகப்பனின் நினைவிடமும் உண்டு. ‘தமிழ்ப் பெண் வீட்டைவிட்டு வெளியே போவது நம் வழக்கமில்லை’ என்று யாராவது சொன்னால் இந்த முகவரியைக் கொடுங்கள்.

கூட்டாகச் சேர்ந்து வாழும் வீடுகள் உண்டா?

மூன்று நான்கு பேர் சேர்ந்து வீடு எடுப்பது எல்லா நகரிலும் சர்வசாதாரணம். தோட்டம் போட்டு ஒரே அடுப்பில் சமைக்கும் கொள்கைக் குடியிருப்புகளைச் சொல்கிறீர்கள் என்றால், நம்மவர்கள் அதில் மூத்தவர்கள். டர்பனுக்கு வெளியே காந்தி 1904-இல் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பு ஒன்று. இன்றைய லெனேசியாவுக்குப் பக்கத்தில், காந்தியின் நண்பர் காலன்பாக் கொடுத்த நிலத்தில் 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை இன்னொன்று. சிறை சென்றவர்களின் தமிழ்க் குடும்பங்கள் அங்கே செருப்புத் தைத்து, ரொட்டி சுட்டு, ஒன்றாக வாழ்ந்தன. கட்டுப்பாடுகள் இன்றைய போஹீமியன்களுக்குச் சரிப்படாது என்பது வேறு விஷயம்.

கேப் டவுன்தானே எல்லோரும் சொல்லும் பதில்?

ஆமாம், அழகில் அதற்கு ஈடில்லை. அப்சர்வேட்டரி பகுதியின் லோயர் மெயின் சாலையைப் பார்த்தால் தேடியது கிடைத்துவிட்டது என்றே தோன்றும்: மலை பின்னணி, இரும்புக் கம்பி வேலைப்பாட்டு வராந்தாக்கள், பழைய புத்தகம், தெருவில் நாய், வாசலில் வயலின். கேப் டவுன் பல்கலைக்கழக மாணவர்களும் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனை இளம் மருத்துவர்களும் அங்கே குடியிருக்கிறார்கள். பக்கத்து உட்ஸ்டாக் நிறவெறிக் காலத்திலும் இனங்கள் கலந்தே இருந்த இடம். கடலோரம் வேண்டுமென்றால் மியூசன்பர்க், கால்க் பே.

எனக்குள்ள தயக்கம் இரண்டு. முதலாவது வாடகை: நாட்டிலேயே அதிகம். டாலரிலும் யூரோவிலும் சம்பாதித்துக்கொண்டு மடிக்கணினியோடு வருகிறவர்கள் ஏற்றிவிட்டார்கள். உட்ஸ்டாக்கில் தலைமுறையாக இருந்த தையல் தொழிலாளர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, நகரத்துக்கு வெகு தொலைவில் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து சுமார் 60,000 பேரை நிறவெறி அரசு துரத்திய ஊர் இது. இப்போது அதே வேலையைச் சந்தை செய்கிறது. இரண்டாவது, இந்த ஊரில் இனங்கள் மற்ற நகரங்களைவிட அதிகமாக ஒதுங்கி வாழ்கின்றன. நல்ல உணவகத்தில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள், சாப்பிடுகிறவர் நிறம் என்ன, பரிமாறுகிறவர் நிறம் என்ன என்று. தமிழர்கள் குறைவு, ரைலண்ட்ஸ் பகுதியில் சிவன் கோயிலைச் சுற்றி ஒரு சிறு சமூகம் இருக்கிறது.

சின்ன ஊர் ஏதாவது?

மக்காண்டா, அதாவது பழைய கிரகாம்ஸ்டவுன். 1974 முதல் தேசியக் கலை விழா நடக்கும் பல்கலைக்கழக ஊர். விழா நாட்களில் சொர்க்கம். மற்ற நாட்களில் குழாயில் தண்ணீர் வருமா என்று பார்க்க வேண்டும். ஓவியர்கள் குடியேறிய கிளாரன்ஸ், நியூ பெதஸ்டா போன்ற கிராமங்கள் வாரக் கடைசிக்கு நல்லவை.

என் துணை வேறு இனத்தவர். பிரச்சினை வருமா?

கலப்பு மணத்தைத் தடுத்த சட்டம் 1949 முதல் 1985 வரை இருந்தது. இன்று கிளென்வுட், மெல்வில், அப்சர்வேட்டரி மூன்றிலும் நீங்கள் யார் கண்ணையும் உறுத்த மாட்டீர்கள். உறுத்தினால் அது நம் வீட்டுக் கூடத்தில்தான். வெள்ளைக்கார மருமகனை ஆறு மாதத்தில் ஏற்றுக்கொள்ளும் குடும்பம் கறுப்பின மருமகனுக்குக் கதவடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். இதை மூடி மறைத்துப் பயனில்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனின் இந்தியர் குடியிருப்பான பீனிக்ஸ் பகுதியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். அந்தக் காயம் டர்பனில் ஆறவில்லை. இங்கே முற்போக்கு என்று சொல்லிக்கொள்ளும் தமிழருக்கு முதல் பரீட்சை அதுதான்.

பாதுகாப்பு?

சென்னைப் பழக்கத்தோடு வராதீர்கள். இருட்டிய பிறகு நடப்பதைக் குறையுங்கள், கைபேசியைத் தெருவில் வெளியே எடுக்காதீர்கள். காரில் சிக்னலில் நிற்கும்போது பை இருக்கையில் இருக்கக்கூடாது. வீடு பார்க்கும்போது பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை அந்தத் தெருவில் வண்டியில் போய்ப் பாருங்கள். ஜோஹன்னஸ்பர்க் மையத்தில் மலிவாக அறை என்று யாராவது காட்டினால் கட்டடம் யாருடையது என்று கேளுங்கள். ரவுடிகள் பிடித்துவைத்து வாடகை வசூலிக்கும் கட்டடங்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் மார்ஷல்டவுனில் அப்படி ஒரு கட்டடம் தீப்பற்றி 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

அப்சர்வேட்டரியில் முடியும். மெல்விலில் ஓரளவு, ரேயா வாயா பஸ் பக்கத்தில் ஓடுகிறது. கிளென்வுட்டில் மினிபஸ் டாக்சி, அவசரத்துக்கு ஊபர். மினிபஸ்ஸை நிறுத்த விரல் ஜாடை தெரிய வேண்டும்: ஜோஹன்னஸ்பர்க்கில் ஆள்காட்டி விரலை மேலே காட்டினால் நகர மையம். காசை முன்வரிசைக்குக் கைமாற்றிவிட வேண்டும், சில்லறைக் கணக்கைப் பயணிகளே பார்த்துக்கொள்வார்கள். இந்த நாட்டைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

மின்வெட்டு இன்னும் இருக்கிறதா?

2023-இல் உச்சத்தில் இருந்தது. 2024 மார்ச்சுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது கவலை தண்ணீர். ஜோஹன்னஸ்பர்க்கிலும் டர்பனிலும் குழாய் அடிக்கடி வறண்டுபோகிறது. தண்ணீர்த் தொட்டி உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கலாம்.

தமிழ் பேச ஆள் கிடைக்குமா?

கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி என்ற பெயர்ப்பலகைகள் தெருவெங்கும் இருக்கும். பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கிச் சென்னையிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் மொழியைப் பெரும்பாலும் இழந்துவிட்டார்கள். ஆனால் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பிசகாமல் பாடுவார்கள், காவடி எடுப்பார்கள், தீ மிதிப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தோம் என்ற மிதப்பில் அவர்களுக்குப் பாடம் எடுக்கப் போகாதீர்கள். வார இறுதித் தமிழ் வகுப்புகளுக்கு ஆசிரியர் எப்போதும் தேவை. அப்படிப் போனால் வரவேற்பு உண்டு.

சைவச் சாப்பாடு?

டர்பனில் கவலையே இல்லை. பாதி ரொட்டியைக் குடைந்து அவரைப் பருப்புக் குழம்பு ஊற்றிய பன்னி சாவ் மலிவாகக் கிடைக்கும். வாரிக் பகுதியின் அதிகாலைச் சந்தையில் முருங்கைக்கீரை, சேப்பங்கிழங்கு, கட்டுக்கட்டாகக் கறிவேப்பிலை. அடுத்த வரிசையில் கூண்டில் கோழி கத்திக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் பார்க்காமல் வாருங்கள்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். பட்டியலிட்ட துறைகளில் தேர்ச்சி இருந்தால் அரிய திறன் விசா. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்து வேலை செய்கிறவர்களுக்கான தொலைப்பணி விசா 2024-இல் வந்தது. ஆண்டுக்குச் சுமார் 6,50,000 ராண்ட் வருமானம் காட்ட வேண்டும். கவிஞன் என்று சொல்லி விசா வாங்கும் வழி இல்லை. விதிகள் அடிக்கடி மாறுவதால் உள்துறை அமைச்சின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

வீட்டு ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது?

வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கு இருக்கும். நடுவில் பிடிக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாட்கள் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம். வீட்டுக்காரர் நியாயமான இழப்பீடு கேட்கலாம், மீதி மாதங்களின் வாடகை முழுவதையும் கேட்க முடியாது. முன்பணத்தை அவர் வட்டி வரும் கணக்கில் போட்டு, போகும்போது வட்டியோடு திருப்பித் தர வேண்டும். குடிபுகும் அன்று இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவர் விரிசல், குழாய்க் கசிவு, உடைந்த ஓடு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லைப்புற அறையாக இருந்தால் மின்சார மீட்டர் தனியா, பெரிய வீட்டோடு சேர்ந்ததா என்று கேட்டு அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.